கடைத்தெருவும் அண்டை வீட்டுக் கதவும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு நாள், பெருநாள் துணி எடுப்பதற்காகக் குடும்பத்துடன் சென்னைத் தியாகராய நகருக்குச் சென்றிருந்தேன். உஸ்மான் சாலையில் வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், அதை ஒட்டிய ஒரு குறுந்தெருவில், ஒரு பழைய வீட்டின் இரும்புக் கதவுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். கதவு பூட்டிக் கிடப்பதுபோல் தோன்றியது. "பத்து நிமிடந்தானே" என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது அந்தக் கதவருகே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவரது கணவரை இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நாள் அது. உள்ளே இருந்த அவர்களது வண்டி வெளியே வர இயலவில்லை. நடக்க முடியாத அந்தப் பெரியவரைத் தெருமுனை வரை இருவர் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். நான் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு, "நோன்பா தம்பி? வெயில்ல அலையாதீங்க" என்றார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "முன்னாடியெல்லாம் இந்தத் தெருவுல பூரா வீடுதான். இப்ப எங்க வீடுதான் தெருவுக்கு இடைஞ்சல்" என்றார்.

நோன்பாளியாக இருந்துகொண்டு, அண்டை வீட்டாரின் வாசலை அடைத்துவிட்டு, பெருநாள் துணி வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதை எண்ணும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது. கடைத்தெருக்களை ஒட்டிய குடியிருப்புத் தெருக்களையும் வணிகப் பகுதியாக அறிவித்துவிடலாமா என்ற விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் அந்த நாற்காலியே என் நினைவில் வந்து நிற்கிறது.

விவாதம் எதைப் பற்றியது?

ஒரு நகரத்தின் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வகுக்கும் ஆவணம் முழுமைத் திட்டம் எனப்படும். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 அதற்கு அடிப்படையாகும். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் வகுத்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டது. அதைத் தொடரும் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணிகளும் தொடங்கப்பட்டன. ஒவ்வொரு திட்டக் காலத்திலும், எங்கே குடியிருப்பு, எங்கே கலப்புக் குடியிருப்பு, எங்கே வணிகம் என்ற கோடுகள் மீண்டும் பேசுபொருளாகின்றன.

தியாகராய நகரைப் பொறுத்தவரை இக்கேள்வி கூர்மையானது. கட்டட உரிமையாளர்களும் பெருவணிகர்களும், "தெருவெங்கும் கடைகள் வந்துவிட்டன, உண்மை நிலைக்கு ஏற்பச் சட்டத்தை மாற்றிவிடுங்கள்" என்கிறார்கள். எஞ்சியிருக்கும் குடியிருப்போர், "எங்களை வெளியேற்றுவதற்கு இது இன்னொரு பெயர்" என்கிறார்கள். நடைபாதை வியாபாரிகளையோ, வாடகைக்குக் கடை நடத்தும் சிறு வணிகர்களையோ பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நம் சமுதாயத்தவர் இந்த நான்கு தரப்பிலும் இருக்கிறார்கள். ஐந்தாவது தரப்பாகிய வாங்குவோர் கூட்டத்திலும் பெருமளவில் இருக்கிறோம். ஆகவே இதை "யாருடைய சண்டையோ" என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

குடியிருக்கக் கட்டிய நகர்

தியாகராய நகர் தானாக வளர்ந்த சந்தை அன்று. நீதிக்கட்சி ஆட்சியின்போது, 1920களில், மாம்பலத்தின் பெரிய ஏரி தூர்க்கப்பட்ட நிலத்தில், மக்கள் குடியிருப்பதற்கென்றே திட்டமிட்டு அமைக்கப்பட்ட நகர் அது. சர் பிட்டி தியாகராயரின் பெயரால் நகரும், பனகல் அரசரின் பெயரால் நடுவில் பூங்காவும், அதிலிருந்து கிளைக்கும் சாலைகளும் உருவாயின. நீதிக்கட்சித் தலைவர்கள் பலரது பெயர்கள் அத்தெருக்களுக்குச் சூட்டப்பட்டன. பாண்டி பஜார் என்று நாம் அழைக்கும் கடைவீதிகூட டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரைத் தாங்கியதே.

அவ்வரிசையில் நாம் பெருமையுடன் நினைக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. உஸ்மான் சாலை, நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவரும், 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்தவருமான சர் முகமது உஸ்மான் அவர்களின் பெயரால் வழங்குவது. அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. சித்த, ஆயுர்வேத, யூனானி மருத்துவ முறைகளை ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் அவர் பெயரை உச்சரித்துக்கொண்டு நகையும் புடவையும் வாங்குகிறார்கள். அவர் யாரென்று அறிந்தோர் சிலரே.

மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் இரங்கநாதன் தெருவும் ஒரு காலத்தில் வீடுகள் நிறைந்த தெருவே. இரயிலிறங்கி நடப்போரின் கால்கள் அதைக் கடைத்தெருவாக்கின. முன்னறை கடையாயிற்று, பின்பு வீடே கடையாயிற்று, பின்பு கடை பல மாடிக் கட்டடமாயிற்று. திட்டம் ஒன்றாகவும் தெரு வேறொன்றாகவும் வளர்ந்தன. இன்றைய சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

விதியை மீறியவருக்கு வெகுமதி

இவ்விடைவெளியை அரசுகள் எவ்வாறு கையாண்டன என்பது படிப்பினைக்குரியது. 1998இல் சட்டத்தில் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வரன்முறைப்படுத்த அது வழிசெய்தது. "ஒரே ஒரு முறை" என்று சொல்லப்பட்ட அச்சலுகை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், முதற்சலுகையை மட்டும் ஏற்று, பின்வந்த நீட்டிப்புகளைச் செல்லாதவையாக்கியது. அதன் பின்னரும் 2007க்கு முற்பட்ட கட்டடங்களுக்கென வேறொரு பிரிவு வந்தது.

2011 அக்டோபர் இறுதியில் இரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் பல பெருங்கடைகளுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டனர். 2012 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அவை தற்காலிகமாகத் திறக்கப்பட்டன. அந்த இரண்டு மாதங்களில் முதலாளிகளைவிட அதிகம் தவித்தவர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்து அங்கே தங்கி வேலை பார்த்த இளைஞர்களும் பெண்பிள்ளைகளுமே.

இன்னொரு கணக்கும் உண்டு. 2008 செப்டம்பரில் இரங்கநாதன் தெருவின் பல மாடிக் கடையொன்றில் ஏற்பட்ட தீயில் ஊழியர் இருவர் உயிரிழந்தனர். 2017 மே இறுதியில் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரிந்து, இடிந்து சரிந்தது. அது பற்றிய வேளை அதிகாலையாக இல்லாமல் பெருநாளுக்கு முந்தைய மாலைப்பொழுதாக இருந்திருந்தால் என்ற எண்ணமே நெஞ்சை உறைய வைக்கிறது. அந்த ஆண்டும் அது ரமளான் மாதந்தான்.

கட்டணம் செலுத்தினால் விதிமீறல் நேராகிவிடும் என்றால், அனுமதித்த இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்டவன் ஏமாளியாகிறான். ஆறு மாடி எழுப்பியவன் புத்திசாலியாகிறான். பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விட்டவன் வாடகையை இழக்கிறான். அதை விழுங்கியவன் சம்பாதிக்கிறான். தீயணைப்பு வண்டி நுழைய வேண்டிய இடத்திற்குப் பணம் எவ்வாறு ஈடாகும்? தெருவையே வணிகப் பகுதி என்று மாற்றி எழுதிவிடுவதும், முன்யோசனையின்றிச் செய்யப்படுமானால், பெரிய அளவிலான இன்னொரு வரன்முறைப்படுத்தலாகவே முடியும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

வணிகம் இழிவான தொழில் என்று நம் மார்க்கம் ஒருபோதும் கூறவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களே வணிகராக வாழ்ந்தவர்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. மதீனாவில் மக்களுக்கென ஒரு சந்தைத் திடலைத் தேர்ந்து, அதை எவரும் சுருக்கக் கூடாது, அங்கே வரி சுமத்தக் கூடாது என்று நபியவர்கள் கூறியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே குறை கூறப்பட்டிருப்பினும், சந்தை என்பது வலியவர் வேலியிட்டுக்கொள்ளும் இடமன்று என்ற கருத்து நம் வரலாற்றில் ஆழ வேரூன்றியது. சந்தையில் முதலில் வந்து அமர்ந்தவருக்கே அன்றைய நாள் அவ்விடம், பள்ளிவாசலில் முதலில் வந்தவருக்கு இடம் உரியதாவதுபோல் என்ற நடைமுறை தொடக்கக் கால முஸ்லிம்களிடையே இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ஆனால் வணிகத்துக்கு அளித்த அதே மதிப்பை மார்க்கம் வழிக்கும் அளித்தது. வழியைப் பற்றி மக்கள் பிணங்கிக்கொண்டால் அதன் அகலத்தை ஏழு முழமாக வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவித்து, புகாரி பதிவு செய்துள்ளது. இதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். நிலச் சொந்தக்காரர்கள் தத்தமது எல்லையை நீட்டிக்கொள்ள விரும்பும்போது, முதலில் ஒதுக்க வேண்டியது வழி, எஞ்சியதே கட்டடம். சுமை ஏற்றிய ஒட்டகமும் எதிரே வரும் ஒட்டகமும் இடிபடாமல் செல்லும் அளவு அது என்று அறிஞர்கள் விளக்குவர். இன்றைய மொழியில் சொன்னால், நோயாளர் ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் செல்லும் அளவு.

வழியோரத்தில் அமர்வோர் அவ்வழிக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்றும், பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் நபியவர்கள் கற்பித்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இராத மனிதனின் ஈமானையே கேள்விக்குள்ளாக்கினார்கள். பழுதும் பதிலுக்குப் பழுதும் கூடாது என்ற நபிமொழியைச் சட்ட வல்லுநர்கள் ஓர் அடிப்படை விதியாகவே கொண்டார்கள். கடையின் முன்புறத்தைக் கடைக்காரர் பயன்படுத்தலாம், நடப்போருக்கு இடைஞ்சல் ஏற்படாதவரை என்பதே ஃபிக்ஹு நூல்களில் நாம் காணும் பொதுவான போக்கு.

கப்பலின் உவமையும் நாம் அறிந்ததே. கீழ்த்தளத்தில் இருப்போர், மேலே சென்று தண்ணீர் எடுப்பதால் பிறருக்குச் சிரமம் என்றெண்ணி, தம் பகுதியில் துளையிட முனைகிறார்கள். அவர்கள் நோக்கம் தீயதன்று. தம் இடத்தில்தான் துளையிடுகிறார்கள். ஆயினும் தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவர். "என் மனை, என் கட்டடம், நான் கடை கட்டுகிறேன், உனக்கென்ன?" என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எங்கே கிடைக்கும்?

வணிகர் என்றால் எந்த வணிகர்?

வணிகப் பகுதியாக மாற்றினால் வணிகர்களுக்கு நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்போம்.

ஒரு குறுந்தெருவில் அத்தர்க்கடை, புர்கா தைக்கும் கடை, கடிகாரம் பழுது பார்க்கும் கடை என நம்மவர் சிலர் வாடகைக்குத் தொழில் செய்கிறார்கள் எனக் கொள்வோம். தெரு வணிகப் பகுதியாகிறது. அன்றைய தினமே அந்த நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. கூடுதல் தளம் கட்டும் வாய்ப்பும் பிறக்கிறது. கட்டட உரிமையாளர் பழைய ஓட்டுக் கட்டடத்தை வைத்திருக்க விரும்புவாரா? ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, இடித்து, பெருநிறுவனம் ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுப்பார். இதில் அவரைக் குறைகூறவும் இயலாது, எவரும் செய்யக்கூடியதே. ஆனால் அத்தர்க்கடைக்காரர் எங்கே போவார்? முப்பது ஆண்டு வாடிக்கையாளர்களைப் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்ல முடியாதே!

என் அத்தா இருபத்தாறு ஆண்டுகள் வாடகைக் கடையில் துணி வியாபாரம் செய்தவர். "கடைக்கு முதல் சரக்கில்லை, இடந்தான்" என்பார். நில உரிமையுள்ள வணிகருக்கும் வாடகை வணிகருக்கும் இவ்விவாதத்தில் ஒரே நலன் இருப்பதாக எண்ணிக்கொண்டு, சங்கத்தின் பெயரால் ஒரே மனுவில் கையொப்பமிடும் சிறு வியாபாரி, தன் கடையைக் காலிசெய்யும் அறிவிப்பில் தானே கையொப்பமிடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடைபாதை வியாபாரிகளின் நிலை இன்னும் நுட்பமானது. அவர்களுக்கென 2014இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இடம் மாற்றுவதானால் 30 நாட்கள் முன்னறிவிப்புத் தரவேண்டும். மக்கள் வழக்கமாகக் கூடி வாங்கும் இயற்கைச் சந்தைகள் பேணப்பட வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. பாண்டி பஜார் நடைபாதையில் இருந்த பல நூறு வியாபாரிகள் 2013இல், இச்சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டிலேயே, ஒரு வணிக வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். நடப்போரின் கண்ணில் பட்டு விற்பவரை மாடிக்கு ஏற்றினால் அவருடைய முதலே போய்விடுகிறது என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை. சந்தையில் ஒரு நாள் நின்றவருக்கே அது விளங்கும். ஒரு தெருவின் வகையை மாற்ற நினைப்போர், அத்தெருவில் அமர்ந்து பிழைப்போரை முதலில் எண்ணிப் பட்டியலிடட்டும்.

எதிர்வாதங்களுக்குச் செவிசாய்ப்போம்

"கடைகள் வந்துவிட்டன; குடியிருப்போரில் பலர் விற்றுவிட்டுப் போய்விட்டனர். காகிதத்தில் மட்டும் குடியிருப்பு என்று வைத்திருப்பது யாருக்குப் பயன்? அதிகாரிகளின் கையில் இலஞ்சத்துக்கான ஆயுதமாகத்தானே அது பயன்படுகிறது?" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதில் உண்மை இருக்கிறது. நடைமுறைப்படுத்தப்படாத விதி, நேர்மையானவனை மட்டுமே கட்டும். மற்றவனிடம் மாதந்தோறும் கப்பம் வாங்கும் கருவியாகும். இலஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் சாபத்துக்குரியவை என்றறிந்த நாம், இலஞ்சத்தை வளர்க்கும் சட்டநிலையை ஆதரிக்க முடியாது. ஆகவே உஸ்மான் சாலை, தியாகராயர் சாலை போன்ற அகன்ற சாலைகளை வணிகப் பகுதியென ஒப்புக்கொள்வதே நேர்மை. அவற்றின் பின்னாலிருக்கும் குறுந்தெருக்களுக்கு அதே வாதம் பொருந்தாது என்பதே என் கருத்து. அங்கே வழி இல்லை. ஏழு முழத் தீர்ப்பின் நியாயம் அங்கேதான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

"கட்டுப்பாடு வந்தால் வியாபாரம் படுத்துவிடும்" என்பது இன்னொரு வாதம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோதும் இவ்வச்சம் பரவலாக எழுந்தது. வண்டி நிறுத்தும் இடம் குறைந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்றார்கள். இன்று மாலை நேரத்தில் அங்கே சென்று பாருங்கள். தாய்மார்கள் குழந்தைகளின் கைவிட்டு நடக்கிறார்கள், முதியோர் அமர்ந்திருக்கிறார்கள், கடைகளும் நடக்கின்றன. மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையும் மக்களின் கால்களுக்கு மதிப்பளித்த ஒரு முயற்சியே. அவற்றின் பராமரிப்பில் குறைகள் உண்டு. வளாகத்தில் நெருக்கப்பட்ட வண்டிகள் பக்கத்துத் தெருக்களில் போய் நிற்பதும் உண்டு. அந்தக் குறை என்னுடையதுமாக இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டேன். ஆயினும் வழியை அகலமாக்கினால் சந்தை அழியும் என்ற அச்சம் பொய்த்துவிட்டது.

"வாழ்வாதாரத்துக்கு முன்னால் ஒரு சில வீடுகளின் வசதி பெரிதா?" என்றும் கேட்கிறார்கள். எண்ணிக்கையைக் கொண்டு உரிமையை அளக்கும் வழக்கம் ஆபத்தானது. இந்நாட்டில் எண்ணிக்கையில் குறைந்தவர்களாக வாழும் நாம் அதை மற்றவர்களைவிட நன்கு அறிவோம். தெருவில் எஞ்சியிருப்பது ஒரே வீடாயினும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

என் நிலைப்பாடு

முதலாவதாக, ஒரு பகுதியையே மொத்தமாக வணிகம் என்று வண்ணம் தீட்டாமல், தெருத் தெருவாக, அகலத்தை அளந்து முடிவு செய்யட்டும். தீயணைப்பு வண்டி புகமுடியாத தெருவில் பல மாடிக் கடைக்கு எந்நாளும் அனுமதி கூடாது.

இரண்டாவதாக, குறுந்தெருக்களில் கீழ்த்தளத்தில் சிறு கடை, மேலே குடியிருப்பு என்ற பழைய முறையைப் பேணட்டும். நம் ஊர்களின் பள்ளிவாசல் தெருக்களில் இன்றும் காணும் அமைப்பே அது. மேலே மக்கள் வசித்தால் இரவிலும் தெருவுக்குக் கண்ணிருக்கும். கீழே கடையிருந்தால் மூதாட்டிக்குப் பாலும் மருந்தும் கைக்கெட்டும். கடையின் பரப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் பல மனைகளைச் சேர்த்து விழுங்கும் பெருங்கடைக்கு அங்கே வேலையிராது. வாடகையும் கட்டுக்குள் நிற்கும்.

மூன்றாவதாக, வகைமாற்றத்துக்கு முன்பு வாடகைக் கடைக்காரர்களையும் நடைபாதை வியாபாரிகளையும் கணக்கெடுத்து, கட்டடம் புதிதாக எழும்போது பழைய வாடகையாளருக்கு முன்னுரிமை கிடைக்க வழிசெய்யட்டும்.

நான்காவதாக, வகைமாற்றம் பழைய விதிமீறலுக்கு மன்னிப்பாக அமையக் கூடாது. தீப்பாதுகாப்பும் வெளியேறும் வழியும் இல்லாத கட்டடம், தெரு எந்த வண்ணத்திலிருந்தாலும், ஊழியர்களின் உயிரைப் பணயம் வைக்கும் கட்டடமே.

நாம் செய்யக்கூடியவை

திட்ட வரைவுகள் மீதும் நிலப்பயன்பாட்டு மாற்றங்கள் மீதும் பொதுமக்கள் ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் எழுத்து வடிவில் தர வழியுண்டு. நாளிதழின் ஒரு மூலையில் வரும் அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? தெருவில் இயந்திரம் வந்து இடிக்கும்போது கூச்சலிடுவதைவிட, உரிய நாளில் ஒரு பக்கக் கடிதம் எழுதுவது பயன் தரும். ஜமாஅத் நிர்வாகிகள் இத்தகைய அறிவிப்புகளைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், தம் கடைக்கு வரப்போவதை அறியாத பலர் விழித்துக்கொள்வர். சட்டம் படித்த நம் இளைஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம், சிறு வியாபாரிகளின் வாடகை ஒப்பந்தத்தையும் விற்பனைச் சான்றிதழையும் படித்து விளக்கினால், அதுவும் ஒரு தர்மமே.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, கடைக்கு வெளியே பொம்மைக்குப் புர்கா அணிவித்து நிறுத்துவதற்கு முன், சக்கர நாற்காலி அவ்வழியே செல்லுமா என்று ஒருமுறை பாருங்கள். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவை வண்டிகளால் அடைக்கும் சகோதரர்களே, அத்தெருவிலும் கதவுகள் உண்டு. குடும்பத் தலைவிகளே, பெருநாள் துணியைக் கடைசிப் பத்தின் நெரிசலில் எடுக்காமல் ஷஃபானிலேயே எடுத்துவிட்டால், நெரிசலும் குறையும், அந்தச் சிறப்பான இரவுகள் வணக்கத்துக்கும் கிடைக்கும். இரயிலிலோ பேருந்திலோ சென்று வந்தால் இன்னும் நன்று.

அரசாங்கம் கோட்டை எங்கே போட்டாலும், அண்டை வீட்டாரின் உரிமை என்ற கோடு நம் மனத்தில் முன்னரே போடப்பட்டிருக்கிறது. அதை அழிக்க எந்தக் குழுமத்துக்கும் அதிகாரமில்லை. காணாததுபோல் தாண்டிச் செல்ல நமக்கும் உரிமையில்லை.

அந்த மூதாட்டியின் வீட்டுக்கு மறு ஆண்டுப் பெருநாளன்று, ஒரு சிறு பாத்திரத்தில் பிர்னி எடுத்துக்கொண்டு சென்றேன். இரயிலில் சென்று, நிலையத்திலிருந்து நடந்தே போனேன். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "வண்டிய எங்க விட்டீங்க தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய கணவர் உள்ளறையில் கட்டிலில் இருந்தார். சற்று நேரம் பேசிவிட்டுத் திரும்பும்போது, வாசலில் வேறு யாருடைய வண்டியோ நின்றுகொண்டிருந்தது.

வல்ல இறைவன் நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் வழிகளில் விசாலத்தையும், நம் உள்ளங்களில் அண்டையரைப் பற்றிய அச்சத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

அல்லாஹ் மிக நன்கறிந்தவன். வஸ்ஸலாம்.